153 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

புரோகிராமிங் படித்தவர்களுக்கு 153 பழக்கமான எண். ஆம்ஸ்ட்ராங் எண்ணா (மூன்று இலக்க எண் என்றால், இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் அதே எண் வருகிறதா) என்று சோதிக்கும் பயிற்சியில் முதலில் வந்து நிற்பது இதுதான். 1, 5, 3 ஆகியவற்றின் கனங்கள் 1, 125, 27. கூட்டினால் மறுபடியும் 153. நானும் அந்த நிரலை எழுதி, விடை சரியாக வந்ததும் மூடி வைத்துவிட்டேன். "இதைத் தவிர வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எனக்கே அது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

3-ஆல் வகுபடும் ஏதாவது ஒரு எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். 6-இல் தொடங்கினால் 216, 225, 141, 66, 432, 99, 1458, 702, 351, 153. அதற்குமேல் நகராது. 99-லிருந்து 1458-க்குத் தாவும்போது தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த மூன்றே படியில் வந்து விழுந்துவிட்டது. எந்த மடங்கில் தொடங்கினாலும் முடிவு 153தான்.

ஏன்? ஒரு இலக்கத்தின் கனத்திலிருந்து அந்த இலக்கத்தைக் கழித்தால், அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் வரும். உதாரணமாக 5-க்கு 125 − 5 = 4×5×6. மூன்றில் ஒன்று கட்டாயம் 3-இன் மடங்கு. ஆகவே கனங்களைக் கூட்டினாலும், இலக்கங்களையே கூட்டினாலும், 3-ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான். இலக்கங்களின் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் அதே மீதிதான் என்பது பள்ளியிலேயே படித்தது. அதனால் 3-இன் மடங்கு எத்தனை படி போனாலும் 3-இன் மடங்காகவே இருக்கும்.

எண் பெரிதாகிக்கொண்டே போகவும் முடியாது. நான்கு இலக்க எண்ணுக்கு அதிகபட்சம் 4×729 = 2916. அதைவிடப் பெரிய எண் எதுவும் சுருங்கியே தீரும். 2916 வரை 3-இன் மடங்குகள் 972. அத்தனையையும் கணினியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் 153-இல் முடிகின்றன. இந்த வேலைக்காகத்தான் அந்தப் பழைய நிரலை மறுபடி திறந்தேன்.

ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டி, 1940-இல் வெளிவந்த தன் நூலில் தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே திரும்ப வரும் 153, 370, 371, 407 என்ற நான்கையும் குறிப்பிட்டு, இவை புதிர்ப் பகுதிக்கே பொருத்தம், கணிதவியலாளரை ஈர்க்க இதில் ஒன்றுமில்லை என்கிறார். இந்த மீதிக் கணக்கைப் பார்த்த பிறகு என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. மற்ற மூன்றும் 3-இன் மடங்குகள் இல்லை. 6-இல் தொடங்கிய பயணம் அவற்றைத் தொடவே முடியாது.

சரி, இலக்கங்கள் என்பது நாம் பத்தில் எண்ணுவதால் வந்தவை. அதைச் சாராத சிறப்பும் 153-க்கு உண்டு. 1 முதல் 17 வரை கூட்டினால் 153. 1, 1×2, 1×2×3 என்று 1×2×3×4×5 வரை பெருக்கிக் கூட்டினால், அதாவது 1 + 2 + 6 + 24 + 120 என்றாலும் 153.

எனக்கு மிகவும் பிடித்தது ஆர்க்கிமிடீஸ் பயன்படுத்தியது. பை-யின் மதிப்பை நெருக்கிப் பிடிக்க, 3-இன் வர்க்கமூலம் 265/153-ஐவிடக் கொஞ்சம் பெரியது என்று எடுத்துக்கொண்டார். 265-இன் வர்க்கம் 70225. 153-இன் வர்க்கத்தின் மூன்று மடங்கு 70227. வித்தியாசம் 2. இதேபோல 3-இன் வர்க்கமூலத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும் வேறு பின்னத்தில் அது 1 ஆக முடியுமா என்று தேடினேன். முடியாது. அப்படி இருந்தால் ஒரு வர்க்க எண்ணை 3-ஆல் வகுத்து மீதி 2 வர வேண்டும். வர்க்கங்களுக்கு 0 அல்லது 1தான் மீதி.