சட்சுகி அழும் இடம்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு மகள்களோடு உட்கார்ந்து 'மை நெய்பர் டோட்டோரோ' அனிமே பார்த்தேன். பூனைப் பேருந்து வந்ததும் சின்னவள் எழுந்து குதித்தாள். பெரியவள் கடைசிவரை வாயே திறக்கவில்லை. "இதில் என்னதான் நடக்கிறது?" என்று என் கணவர் பாதியிலேயே எழுந்துபோய்விட்டார். நானோ தேம்பித் தேம்பி அழுதேன், யாருமே சாகாத ஒரு படத்துக்கு. மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர், "அந்த அக்காவும் தங்கையும் கடைசியில் செத்துப்போய்விடுகிறார்கள், அந்தக் காட்டு உருவம் டோட்டோரோதான் எமன், தெரியாதா?" என்றார். அதிலிருந்து மனசே சரியில்லை. அது உண்மையா? நான் அழுதது வெறும் சென்டிமென்ட்தானா? எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்களை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது உண்மை இல்லை. 1963 மே மாதம் ஜப்பானின் சயாமாவில் ஒரு பள்ளி மாணவி கடத்திக் கொல்லப்பட்டாள். படத்தின் களம் சயாமா குன்றுகளை ஒட்டிய ஊர். அக்கா சட்சுகி, தங்கை மே, இரண்டுமே மே மாதத்தைக் குறிக்கும் பெயர்கள். போதாததற்கு, கடைசிக் காட்சிகளில் பிள்ளைகளுக்கு நிழல் விழவில்லை. இவற்றை முடிச்சுப் போட்டுத்தான் யாரோ அந்தக் கதையைக் கட்டிவிட்டார்கள். 2007இல் படத்தை எடுத்த ஸ்டூடியோ கிப்லியே இதை மறுத்தது. நிழல் தேவைப்படாத இடம் என்பதால் வரையவில்லை, அவ்வளவுதான் என்றது. தவிர, பெயர்ப் பட்டியல் ஓடும்போது வரும் படங்களில், ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா வீடு திரும்பிவிடுகிறாள். பாதிப் பேர் அதற்குள் எழுந்துபோய்விடுகிறார்கள். நீங்கள் பெரியவளைக் கூப்பிட்டு அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் உங்கள் அலுவலகக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதையை நம்புகிறவர்களுக்கும் படம் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ பிசைந்திருக்கிறது. இவ்வளவு பயத்துக்கு ஒரு சாவாவது இருந்தாக வேண்டும் என்று தேடிப் போயிருக்கிறார்கள். பயம் நிஜமானது. அதற்குச் சாவு தேவைப்படவில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதே போதும். இயக்குநர் ஹயாவோ மியசாகிக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா முதுகெலும்புக் காசநோயில் விழுந்தார். பல வருஷம் படுக்கையில் கழித்தார். அந்த வீட்டுப் பிள்ளை எடுத்த படம் இது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. மியசாகி முதலில் வரைந்து வைத்திருந்த கதையில் ஒரே ஒரு சிறுமிதான். படத்தின் போஸ்டரைப் பாருங்கள், மழையில் பஸ் நிறுத்தத்தில் டோட்டோரோ பக்கத்தில் நிற்பது ஒரே பெண். அவள் சட்சுகியும் இல்லை, மேயும் இல்லை, இரண்டு பேரும் கலந்தவள். படத்தில் அதே இடத்தில் சட்சுகி நிற்கிறாள், தூங்கிப்போன தங்கையை முதுகில் சுமந்துகொண்டு. ஒருத்தி இரண்டானபோது அந்தப் பயமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தங்கைக்கு அழ முடிகிற பயம். அக்காவுக்கு அழக் கூடாத பயம்.

உங்கள் கணவர் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னாரே, அந்தப் பகுதியைச் சட்சுகியை மட்டும் கவனித்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். காலையில் எழுந்து சமைக்கிறாள். அப்பாவுக்கு, தங்கைக்கு, தனக்கு என்று மதியச் சாப்பாடு கட்டுகிறாள். பள்ளிக்கே வந்து நிற்கும் மேயை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வகுப்பில் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறாள். எல்லாமே சிரித்த முகத்தோடு. யாரும் அவளை இதைச் செய் என்று சொல்லவில்லை. அப்பா நல்லவர், பக்கத்து வீட்டுப் பாட்டி தங்கமானவர். இருந்தாலும் பொறுப்பு தானாகவே வந்து மூத்தவள் தோளில் உட்கார்ந்துவிடுகிறது. இது உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. விசாரித்தால், அம்மாவுக்குச் சளி, இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது. மே அடம்பிடிக்க, "அப்படியானால் அம்மா செத்துப்போனால் பரவாயில்லையா?" என்று சட்சுகி கத்திவிடுகிறாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி வந்து துணிகளை எடுக்கும்போது, போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், அம்மா செத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே சட்சுகி வாய்விட்டு அழுகிறாள். நீங்கள் அழுததும் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த அழுகையை மே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா அழுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. உடனே சோளக்கதிரைக் கட்டிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறாள். தோட்டத்துக் காய்களைச் சாப்பிட்டால் அம்மாவுக்குக் குணமாகும் என்று பாட்டி சொன்னது நினைவில் இருக்கிறது. அவள் போவது அம்மாவுக்காக மட்டும் இல்லை, அக்காவுக்காகவும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படி உதவத் தெரியும்?

எனக்கு இது தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் அம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா ஒன்பதாம் வகுப்பு. காலையில் சோறு வடித்து, எனக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்து, பள்ளிவரை கொண்டுபோய் விட்டது அவள்தான். ஒருநாள் சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு முழங்காலில் முகம் புதைத்து அவள் அழுததைப் பார்த்தேன். உள்ளே ஓடிப்போய் என்னுடைய பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மே சோளக்கதிரோடு நடக்கும்போதெல்லாம் அந்த டப்பா ஞாபகம் வந்துவிடுகிறது.

சென்டிமென்டா என்று கேட்டீர்கள். ஆமாம், சென்டிமென்ட்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நம்மைப் பிழிந்தெடுப்பதற்காகவே எடுக்கும் படம், பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறுகிற இடத்தில் முடியும். இங்கே அவர்கள் மரக்கிளையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அம்மா சிரிப்பதைப் பார்க்கிறார்கள். சோளக்கதிரை ஜன்னலில் வைத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறார்கள். அந்த அடக்கம்தான் நம்மை உடைக்கிறது.

1988 ஏப்ரலில் ஜப்பானில் இந்தப் படம் 'மின்மினிகளின் கல்லறை'யோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் வெளியானது. அதில் போரில் அம்மாவை இழந்த ஓர் அண்ணனும் தங்கையும். ஒரே உட்காரலில் இரண்டையும் பார்த்துவிட்டு அன்றைய ரசிகர்கள் எப்படி வீட்டுக்கு நடந்துபோயிருப்பார்கள் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

உங்கள் பெரியவளிடம் ஏன் பேசவில்லை என்று கேட்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று வருமே, அம்மா சட்சுகிக்குத் தலை வாரிவிடுவாள். மேயின் தலையை நீயா கட்டிவிட்டாய் என்று கேட்பாள். படத்திலேயே சட்சுகி வெறும் பிள்ளையாக இருக்கும் சில நிமிடங்கள் அவை. அந்த இடம் வரும்போது மகளைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொள்ளுங்கள். அவள் ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.