உள்ளாட்சி மானியம்: தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் நாட்டில் பொது மானியத்தை (இன்ன செலவுக்கு என்று கட்டுப்படுத்தாமல் அரசு தரும் பணத்தை) ஒவ்வொரு உள்ளாட்சியின் பட்ஜெட் பற்றாக்குறையைப் பார்த்துக் கொடுக்கிறோம். இனி மக்கள்தொகைப்படி, தலைக்கு ஒரே தொகையாகப் பிரிக்கலாம் என்று குழுவில் பேச்சு. அது நியாயமாக இருக்குமா?

பதில்: இப்போதைய முறையைவிடத் தேவலாம். பற்றாக்குறையை நிரப்பிக்கொண்டே இருந்தால், வரி வசூலிக்காதவருக்கும் கைமீறிச் செலவழிப்பவருக்கும்தான் பணம் போகும். ஆனால் தலைக்கணக்கு மட்டும் போதாது. தொழிற்சாலைகள் நிறைந்த நகரமும் வரி போட ஆளில்லாத மலைப்பகுதியும் அதில் ஒன்றாகிவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு: சராசரி வரி விகிதத்தைப் போட்டால் அந்த ஊரால் எவ்வளவு திரட்ட முடியும் (அதன் வரித்திறன்), அடிப்படைச் சேவைகளுக்கு அங்கே எவ்வளவு தேவைப்படும். இரண்டிலும் உண்மையான வசூலையும் உண்மையான செலவையும் எடுக்கவே கூடாது.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு ஊர்களிலும் தலைக்கு 60 தேவை. முதல் ஊரால் 50 திரட்ட முடியும், இரண்டாவதால் 20. மானியம் முறையே 10, 40. இரண்டாவது ஊர் சோம்பலில் 15தான் வசூலித்தாலும் 40தான். முனைந்து 28 வசூலித்தாலும் அதே 40. கூடுதல் வசூல் அவர்களுக்கே. பழைய முறையில் சோம்பலுக்கு 45 கிடைத்திருக்கும்.

கனடாவில் மாகாணங்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யத் தரும் மானியம் வரித்திறனை மட்டும் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலங்களுக்குப் பங்கு பரிந்துரைக்கும், 1933இல் தொடங்கிய மானிய ஆணையம் தேவையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கேட்க அதுதான் முழுமையாகத் தோன்றும். ஆனால் அதற்குத் தரவுகள் ஏராளமாக வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லையென்றால் பள்ளி வயதுப் பிள்ளைகள், முதியோர், மக்கள் அடர்த்தி, வறுமை என்று நாலைந்து குறியீடுகளோடு நிறுத்துங்கள். இருபது குறியீடு வைத்தால் சூத்திரம் யாருக்கும் புரியாது. புரியாத இடத்தில்தான் சிபாரிசு நுழையும்.

குறியீடுகள் உள்ளாட்சியின் கைக்கு எட்டாதவையாக இருக்கட்டும். இந்தோனேசியாவில் 2001இல் பெரிய அளவில் அதிகாரப் பரவல் வந்த பிறகு, பொது மானியத்தின் ஒரு பகுதி ஊழியர் சம்பளச் செலவோடு கட்டப்பட்டது. அப்படிக் கட்டினால் ஆட்களைக் குறைக்க எந்த வட்டாரத்துக்கு மனம் வரும்? ஊர்களை மக்கள்தொகைப்படி படிநிலைகளாகப் பிரித்து, நிலைக்கு ஒரு தொகை வைப்பதும் சிக்கல்தான்: எல்லைக்கோட்டில் பத்துப் பேர் கூடினால் பணம் தாவும், அப்புறம் மக்கள் கணக்கெடுப்பே தகராறாகும்.

மொத்தத் தொகை எவ்வளவு என்பதை வருடாவருடம் அமைச்சகம் முடிவு செய்வதாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். தேசிய வரி வருவாயில் இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். மூன்றாண்டுச் சராசரியை எடுத்தால் ஏற்ற இறக்கம் அடங்கும்.

புது முறையில் சில ஊர்களுக்குக் குறையும், கட்டாயம் சத்தம் எழும். அவர்களுக்கு நான்கைந்து ஆண்டு அவகாசம் கொடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள், ஆனால் முடிவுத் தேதியையும் சட்டத்திலேயே போட்டுவிடுங்கள். தேதியில்லாத சலுகை நிரந்தரமாகிவிடும்.

கடைசியாக, யாருக்கு எவ்வளவு, எந்த மாதம் என்பதைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, மாணவர் எண்ணிக்கைப்படி மத்திய அரசு பள்ளிகளுக்கு ஒதுக்கிய சம்பளமல்லாத மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகையை அரசு செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிகளுக்குப் போய்ச் சேரும் பங்கும் வெகுவாக உயர்ந்தது.