திருகோணமலைக் கலியாணத்துக்குப் போக அடகா, கடனட்டையா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 1,40,000 ரூபா. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையில் நெருங்கிய நண்பனுக்குக் கலியாணம். இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சனி போய்த் திங்கள் திரும்ப யோசனை. உப்புவெளி ஹோட்டலில் ஓர் இரவு 18,000 வீதம் இரண்டு இரவுக்கு 36,000, வான் 42,000, உடுப்பு 20,000, என்வலப்பில் வைக்கும் அன்பளிப்புக் காசு 15,000, சாப்பாடும் புறாத்தீவுப் படகும் 12,000. மொத்தம் 1,25,000. கையில் சேமிப்பு 40,000தான். 2,00,000 ரூபா நிலையான வைப்பு கலியாணத்துக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் முதிர்கிறது. அதை உடைக்கவா, மனைவியின் சங்கிலியை அடகு வைக்கவா, கடனட்டையில் போடவா? கூட்டாளிகள் ஐந்து பேர் சேர்ந்து கொடுக்கும் அரைப் பவுண் மோதிரத்தையும் என் அட்டையில் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: எங்கே கடன் எடுப்பது என்று பார்க்குமுன் அந்த 1,25,000ஐப் பாருங்கள். அது உண்மையான தொகை இல்லை.

ஹோட்டல்காரர் சொன்ன 18,000 வரிகளோடா, வரி இல்லாமலா? பெரிய ஹோட்டல்கள் பல வெறும் அறை விலையைத்தான் தொலைபேசியில் சொல்லும். அதற்கு மேல் 10% சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு 18% பெறுமதி சேர் வரி (வற்). 18,000 அப்படியே 19,800 ஆகி, 23,364இல் வந்து நிற்கும். இரண்டு இரவுக்கு 46,728. வற் பதிவு இல்லாத சிறிய விடுதி உங்களிடம் வற் அறவிட முடியாது. பில்லில் வரி இருந்தால் பதிவு இலக்கமும் இருக்கவேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வானும் அப்படித்தான். ‘மூன்று நாள் 42,000’ என்றால் எத்தனை கிலோமீற்றர் அடக்கம்? கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகப் போய்வர 520 கிலோமீற்றர் வரும். ஊருக்குள் ஓட்டம் ஒரு 60. நாளுக்கு 100 கிலோமீற்றர்தான் அடக்கம் என்றால் 280 மேலதிகம். கிலோமீற்றருக்கு 70 ரூபா என்று வைத்தாலும் 19,600. சாரதியின் சாப்பாடும் படுக்கையும் தனி. அறையின் வரியையும் வானின் மேலதிகத்தையும் சேர்த்தால் உங்கள் பயணம் 1,55,328இல் நிற்கிறது, சாரதியின் செலவு சேராமலே.

வானை விடுங்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயில் காலையில் திருகோணமலையில் விடும். வெள்ளி இரவு ஏறி ஞாயிறு இரவு திரும்பினால் ஹோட்டல் ஓர் இரவுதான். இருக்கை முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே எடுங்கள், கலியாண மாதத்தில் இருக்கை நிற்காது. இதில் ஆட்கள் வழக்கமாக மாட்டுப்படும் இடம் ஒன்று உண்டு: ரயில் காலையிலேயே போய்விடும், அறை தருவது பகல் இரண்டு மணிக்கு. பிள்ளைகளோடு வரவேற்பறையில் தூங்கிவிழ முடியாமல் ஆட்கள் அரைநாள் வாடகை கட்டிவிடுகிறார்கள். பதிவு செய்யும்போதே முன்கூட்டி அறை தர முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் பெட்டியை அங்கே வைத்துவிட்டுக் கோணேஸ்வரம் போங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளிடம் காசு கேட்கமாட்டார்கள். ஞாயிறு அறையை விட்ட பிறகு பெட்டிகள் எங்கே இருக்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

உப்புவெளி நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். மண்டபம் நகரத்துக்குள் என்றால் காலை முகூர்த்தத்துக்கு ஓட்டோவை முதல்நாளே பேசி வையுங்கள். புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து போகும் படகுக்கு ஆள்கணக்கில்லை, படகுக்குத்தான் விலை. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் பாதிதான் வரும். உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டை வேண்டும்.

இப்போது புதிய கணக்கு: அறை 23,364, ரயிலுக்கும் ஓட்டோவுக்கும் 16,000, உடுப்பு 10,000, என்வலப் 10,000, சாப்பாடும் படகும் 10,000. மொத்தம் 69,364. கலியாணத்துக்கு முன் வரும் இரண்டு சம்பளத்திலும் 15,000 வீதம் ஒதுக்கினால் சேமிப்போடு 70,000. மிச்சம் 636 ரூபா என்பது மிச்சமே இல்லை. ஆகவே மாதம் 20,000ஆக ஒதுக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் படகை விடுங்கள். என்வலப்பில் 5,000 குறைத்தது கஞ்சத்தனம் இல்லை. மோதிரத்திலும் உங்கள் பங்கு இருக்கிறது. உண்மையில் அந்தப் பங்கு 10,000ஐத் தாண்டினால் என்வலப்பே தேவையில்லை என்பது என் கருத்து.

மோதிரத்தை உங்கள் அட்டையில் வாங்கவே வேண்டாம். கடையில் சொல்லும் பவுண் விலைக்கு மேல் செய்கூலியும் சேதாரமும் உண்டு, நாள்விலை வேறு மாறும். மற்ற நாலு பேரும் காசை உங்கள் கணக்கில் போட்ட பிறகு கடைக்குப் போங்கள். கலியாணம் முடிந்தபின் கூட்டாளியிடம் காசு கேட்பது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை.

கடனட்டையால் அறைக்குக் கட்டலாம், ஆனால் அட்டையின் மாதக் கணக்குக் கூற்று வந்ததும் முழுத் தொகையையும் தீர்க்க முடிந்தால் மட்டும். 80,000ஐ அட்டையில் போட்டு 5% ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால், ஆண்டு வட்டி 26% என்றாலும் நீங்கள் கட்டும் 4,000இல் 1,733 வட்டிக்கே போகும். அதோடு புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அட்டையைப் போட்டு ஏரிஎம்மில் காசு எடுப்பது இன்னும் மோசம்; கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டி.

அடகு? கலியாணத்துக்குப் போவதற்காகச் சங்கிலியை அடகு வைத்தால், கலியாணத்தில் போட அக்காவிடம் சங்கிலி இரவல் கேட்க வேண்டிவரும். அதைவிடப் பெரிய ஆபத்து, வட்டியை மட்டும் கட்டி அடகுச்சீட்டை வருடா வருடம் புதுப்பிப்பது.

வைப்பை உடைக்கவும் வேண்டாம். 8% வட்டிக்குப் போட்டிருந்தால் வருட முடிவில் 16,000. இரண்டு கிழமை முந்தி உடைத்து வங்கி 5% மட்டும் தந்தால், 6,000க்கு மேல் போய்விடும். கடைசி நேரத்தில் உண்மையிலேயே காசு தட்டுப்பட்டால், வைப்பை ஈடாகக் காட்டி அதே வங்கியில் கடன் கேளுங்கள். 40,000 ரூபாவை 13% வட்டிக்கு 30 நாள் எடுத்தால் செலவு சுமார் 427 ரூபா. முதிர்ந்த அன்றே தீர்த்துவிடலாம்.

முதிர்வுத் திகதிக்கு முன் வங்கிக்குப் போய், புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பல வங்கிகள் தானாகவே இன்னொரு வருடத்துக்குப் போட்டுவிடும். போன கையோடு இன்னொரு படிவமும் கேளுங்கள்: 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10% வரியாகப் பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் வட்டியோடு சேர்த்தும் வரி இல்லாத 18 இலட்சத்துக்குள்தான் வருகிறது. அதை அந்தப் படிவத்தில் சுயபிரகடனமாக எழுதிக் கொடுத்தால் அந்த 1,600 ரூபாவைப் பிடிக்கமாட்டார்கள்.