சக்கரத்தில் வனைந்த வட்டம் நீள்வட்டமாவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரங்கூனுக்கு அருகிலுள்ள துவாந்தேயில் உறவினர் ஒருவரிடம் சட்டி வனையக் கற்று, இப்போது வீட்டிலேயே சக்கரம் வைத்திருக்கிறேன். முழு மீனைப் பரிமாற நீண்ட தட்டு ஒன்று செய்ய எண்ணி, வட்டமாக வனைந்த தட்டை இருபுறமும் உள்ளங்கையால் அழுத்தினேன். அடிப்பகுதி மேல்நோக்கிப் புடைத்துக்கொண்டது. காய்ந்த பிறகு நடுவில் வெடிப்பும் கண்டது. சக்கரத்தில் வனைந்ததை நீள்வட்டமாக்கவே முடியாதா?
– வாசகி, மோல்மீன்

பதில்: நிச்சயமாக முடியும், சகோதரி. உங்கள் கை அழுத்தியதில் குறை ஏதும் இல்லை. அடிப்பகுதியில் தேவைக்கு மேல் மண் இருந்ததுதான் காரணம். கணக்கைப் பாருங்கள். 24 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 75 செ.மீ. அதே சுற்றளவை அழுத்தி நீட்டினால் 30 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் உள்ள நீள்வட்டம் கிடைக்கும். சுவர் நீளுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் உள்ளே அடங்கும் பரப்பு குறைந்துவிடுகிறது: வட்டத்தின் பரப்பு சுமார் 450 சதுர செ.மீ., நீள்வட்டத்தின் பரப்பு சுமார் 400. மிஞ்சிய 50 சதுர செ.மீ. மண்ணுக்குப் போக இடம் இல்லாததால் அது மேலே புடைக்கிறது. புடைத்ததைத் தட்டிச் சமமாக்கினாலும் உள்ளே இறுக்கம் தங்கி, காயும்போது வெடிப்பாக வெளிவருகிறது. ஆகவே, அந்த மிகுதி மண்ணை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அல்லது அடியே இல்லாமல் வனைந்து, அடியைப் பிறகு சேர்க்க வேண்டும்.

முதலில் பழகுவதற்கு அடியில்லாமல் வனையும் முறையையே நான் பரிந்துரைப்பேன். சக்கரத்தின் மேல் ஒரு மரப்பலகையை ஒட்டவைத்து, மண்ணின் நடுவைப் பலகை தெரியும்வரை திறந்து, வெறும் வளையமாகச் சுவரை மட்டும் ஏற்றுங்கள். ஆறு அல்லது ஏழு செ.மீ. உயரமுள்ள சுவருக்கு முக்கால் வீசை (சுமார் 1.2 கிலோ) மண் போதும். சுவரின் அடிவிளிம்பு மட்டும் சற்றுத் தடிப்பாக இருக்கட்டும். இணைப்பு விழப்போகும் இடம் அதுதான். விரல் பட்டால் ஒட்டாமல், அழுத்தினால் மட்டும் தடம் பதியும் பதம் வந்ததும் நூலால் அறுத்து, பலகையில் சிறிது நீர் தெளித்து, வளையம் வழுக்கி நகரும்படி செய்து, இரு கைகளாலும் வெளியிலிருந்து மெல்ல மெல்ல நெருக்குங்கள். ஒரே மூச்சில் அழுத்தாமல், விட்டுவிட்டு நெருக்க வேண்டும். சக்கரம் கொடுத்த வட்டத்தை மண் எளிதில் மறப்பதில்லை. காயும்போதும் சூளையில் வேகும்போதும் அது மீண்டும் வட்டத்தை நோக்கிச் சற்றே விரியும். அதனால் வேண்டிய அகலத்தைவிட ஒரு விரற்கடை குறைவாகவே நெருக்கி வைப்பது நல்லது.

அடிக்கு, அதே மண்ணை உருட்டுக்கட்டையால் 8 மி.மீ. கனத்தில் பரப்பி, சுவரும் அடியும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது இணையுங்கள். ஈரமான பகுதி அதிகமாகவும் காய்ந்த பகுதி குறைவாகவும் சுருங்குவதால், பதம் மாறினால் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் விட்டுப்போகும். இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தி, உள்மூலையில் மெல்லிய மண்திரி ஒன்றை வைத்து விரலால் இழைத்துவிடுங்கள். அடியைப் பிறகு மூடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குயவர்கள் பானையின் வாயையும் தோளையும் மட்டும் சக்கரத்தில் முடித்து, திறந்திருக்கும் அடியை உள்ளே கல்லும் வெளியே மரத்தட்டுப்பலகையும் கொண்டு தட்டித் தட்டி மூடுவது நெடுங்காலப் பழக்கம்.

கை தேர்ந்த பிறகு மற்ற முறையையும் செய்து பாருங்கள். அடியோடு வனைந்த தட்டின் நடுவிலிருந்து மாவிலை வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரு பாதிகளையும் நெருக்கி ஒட்டுவது அம்முறை. 24 செ.மீ. தட்டுக்கு, இலையின் நடு அகலம் நாலைந்து செ.மீ. இருந்தால் போதும். வெட்டும் கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து இணைப்பு பலப்படும். இலையின் முனைகள் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கிச் சுவரில் ஏறிவிடும்.

கேள்வி: நெருக்கியபின் என் தட்டின் வாய்விளிம்பு பக்கங்களில் உயர்ந்தும் முனைகளில் தாழ்ந்தும் நிற்கிறது. இது சரியா?
– வாசகர், பெகு

பதில்: சுவரை வெளிப்புறம் சாய்த்து வனைந்திருப்பீர்கள். நெருக்கும்போது பக்கச்சுவர்கள் நிமிர்வதால் உயரமும், முனைச்சுவர்கள் மேலும் சாய்வதால் தாழ்வும் ஏற்படுகின்றன. சுவரைச் செங்குத்தாக வனைந்தால் இது பெரும்பாலும் நேராது. மூடி போடும் பாத்திரமானால் விளிம்பு சமமாக இருந்தே ஆகவேண்டும். குச்சியில் உயரத்தைக் குறித்து, பாத்திரத்தைச் சுற்றிலும் அளந்து, மிகுந்ததை அறுத்துவிடுங்கள். பரிமாறும் தட்டானால் அந்த வளைவை அப்படியே விட்டுவிடுவதே அழகு என்பது என் கருத்து. தாழ்ந்த முனைகள் தூக்கிப் பிடிக்கவும் வசதியாக இருக்கும்.

கேள்வி: இணைப்பு ஓரம் காயும்போதே விடுகிறது. இத்தகைய தட்டை அடுப்பில் வைக்கலாமா?
– வாசகி, ரங்கூன்

பதில்: மெல்லிய சுவர் முதலிலும் தடித்த அடி பிறகும் காய்வதே இணைப்பு விடக் காரணம். தட்டைச் செய்தித்தாளின் மேல் வைத்தால், சுருங்கும்போது அடி தடையின்றி நகரும். விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, அடிக்கு முந்திக்கொள்ள விடாதீர்கள். நம் மழைக்காலத்தில் இதற்கு அதிகக் கவலை வேண்டாம். தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

நேரடித் தீயில் நீள்வட்டத் தட்டை வைக்காதீர்கள். தீ நடுவில் மட்டும் படுவதால், சூடான நடுப்பகுதி விரிய முனைய, குளிர்ந்த இரு முனைகளும் அதைத் தடுத்துப் பிளக்கும். நன்றாக வெந்த, எங்கும் ஒரே கனமுள்ள தட்டை மின் அடுப்புப் பெட்டிக்குள் வைக்கலாம். ஆனால் பெட்டி குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். சூளையிலும் 573 டிகிரி செல்சியஸை ஒட்டி அவசரம் கூடாது: மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் அந்த வெப்பத்தில் திடீரென விரியும், ஆறும்போது அதேபோல் சுருங்கும். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு (கிளேஸ்) பூசுவதானால் ஈயம் கலந்ததை வாங்காதீர்கள். புளி சேர்ந்த மீன்குழம்பு அந்த ஈயத்தை உணவுக்குள் இழுத்துவிடும்.