தேடிய சொல்லைத் தேடி வரும் காவல்துறை: கேள்விகளும் பதில்களும்

இணையத்தில் நாம் தேடியவை எப்போது, எந்த வழியில் காவல்துறையின் கைக்குப் போகின்றன என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். தரவு அந்தரங்கம் தொடர்பான வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் உறுப்பினர் ஒருவர் பதில் அளித்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, என் போனைக் கைப்பற்றினால்தானே நான் தேடியது காவல்துறைக்குத் தெரிய வரும்?

பதில்: இல்லை. போன் ஓர் இடம் மட்டுமே. கணக்கில் நுழைந்தபடி நீங்கள் தேடும்போது, தேடிய சொல், நேரம், ஐ.பி. முகவரி (உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகியவை தேடுபொறி நிறுவனத்தின் சர்வரிலும் பதிவாகின்றன. நான் அதிகம் அஞ்சுவது இந்தப் பதிவைக் குறித்துத்தான். ஏனெனில் போனை எடுத்தால் உங்களுக்குத் தெரியும், நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் தெரியாமலே போகலாம். மூன்றாவது இடம் இணைய இணைப்பு தரும் நிறுவனம். பெரும்பாலான தளங்கள் இன்று எச்.டி.டி.பி.எஸ். குறியாக்கத்தில், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும் முறையில், இயங்குவதால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை அந்நிறுவனம் அறியலாம், அங்கே என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பதை அறிய முடியாது. ஆனாலும் தளத்தின் பெயரே பல நேரங்களில் போதுமானதைச் சொல்லிவிடுகிறது. பிரிட்டனின் 2016 ஆம் ஆண்டு விசாரணை அதிகாரங்கள் சட்டம், இத்தகைய இணைப்புப் பதிவுகளை 12 மாதங்கள் வரை சேமித்து வைக்கும்படி நிறுவனங்களுக்கு ஆணையிட இடம் தருகிறது.

கேள்வி: உலாவியின் இன்காக்னிட்டோ (மறைநிலை) சாளரத்தில் தேடினால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் கருவியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். சேவையைப் பயன்படுத்தினாலும், இணைப்பு நிறுவனத்திடமிருந்து மறைத்ததை வி.பி.என். நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள்.

கேள்வி: நிறுவனத்திடம் கேட்க நீதிமன்ற ஆணை கட்டாயமா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979 இல் ஸ்மித் எதிர் மேரிலாந்து வழக்கில், ஒருவர் தான் சுழற்றும் தொலைபேசி எண்களைத் தொலைபேசி நிறுவனத்துக்குத் தானாகவே தெரிவித்து விடுவதால், அவற்றில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்றது. மூன்றாம் தரப்பிடம் கொடுத்ததற்குப் பாதுகாப்பு இல்லை என்ற இந்தக் கோட்பாடு, வாழ்க்கை முழுவதுமே யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாக ஓடும் இன்றைய நிலைக்குச் சிறிதும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அதே நீதிமன்றம் 2018 இல் கார்ப்பென்டர் வழக்கில், ஒருவரின் 127 நாள் செல்போன் இருப்பிடப் பதிவுகளை வாரண்ட் இல்லாமல் பெற்றது தவறு என்று கூறி, அக்கோட்பாட்டுக்கு ஓர் எல்லை வகுத்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2024 இல், ஐ.பி. முகவரியைப் பெறுவதற்கே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94 ஆம் பிரிவு, நீதிமன்றத்துக்கு மட்டுமல்லாமல் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், விசாரணைக்குத் தேவையான மின்னணுப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்கும் அதிகாரத்தை அளிக்கிறது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே நீதிபதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதையே நான் வலியுறுத்துவேன்.

கேள்வி: குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கில், ஒரு சொல்லைத் தேடிய அனைவரின் விவரத்தையும் காவல்துறை கேட்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 5 அதிகாலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டதில், செனகல் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் ஐந்து பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். துப்புக் கிடைக்காத நிலையில், தீ வைப்புக்கு முந்தைய 15 நாட்களில் அந்த வீட்டு முகவரியைத் தேடியவர்கள் யார் என்று காவல்துறை வாரண்ட் மூலம் கூகுளிடம் கேட்டது. கிடைத்த பட்டியல் மூன்று பதின்வயதினரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. டென்வர் அமைந்துள்ள கொலராடோ மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில், தேடல் வரலாற்றில் ஒருவருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் காவலர்கள் நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டனர் என்று கூறி, அந்த ஆதாரத்தை விலக்க மறுத்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு நீதி கிடைக்கக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. என் கவலை விசாரணை நடக்கும் வரிசையைப் பற்றியது. வழக்கமான விசாரணையில் முதலில் ஒருவர் மீது சந்தேகம் எழுகிறது, அதற்குப் பிறகே அவருடைய பதிவுகள் திறக்கப்படுகின்றன. இம்முறையிலோ, எல்லோருடைய பதிவுகளையும் முதலில் சலித்துவிட்டுப் பிறகு சந்தேகத்துக்கு ஆள் தேடுகிறார்கள். ஒரு தெருவின் முகவரி என்றால் பட்டியல் சிறிதாக இருக்கும். கருக்கலைப்பு, ஒரு போராட்டம், ஒரு மருந்து என்று சொல் பொதுவாகப் போகப் போக, குற்றத்தோடு தொடர்பே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வலையில் விழுவார்கள். எந்தக் காகிதம் என்று குறிப்பிடாமல் எல்லாவற்றையும் அள்ளிச் செல்லும் ஆணைகளின் ஆபத்தை 1765 இலேயே இங்கிலாந்தின் என்டிக் எதிர் கேரிங்டன் தீர்ப்பு உணர்ந்திருந்தது. அன்று மேசை இழுப்பறையில் இருந்த காகிதம்தான் இன்று சர்வரில் இருக்கிறது.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால் யாருக்கும் பாதிப்பில்லையே?

பதில்: 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வுக்காக என்று சொல்லி, சுமார் 6,50,000 பேரின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களைப் பெயர்களுக்குப் பதில் எண்களை இட்டு வெளியிட்டது. சில நாட்களுக்குள் பத்திரிகையாளர்கள், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்து அந்த நபரை வீட்டிலேயே போய்ச் சந்தித்துவிட்டனர். ஊர், உறவினரின் குடும்பப் பெயர், உடல் உபாதை ஆகியவற்றைத் தேடும் ஒருவர், தன் பெயரைச் சொல்லாமலே தன்னை எழுதி வைத்துவிடுகிறார்.

கேள்வி: விஷத்தைப் பற்றித் தேடியிருந்தால் அதுவே என்னைக் குற்றவாளியாக்கிவிடுமா?

பதில்: தேடியது அறிய விரும்பியதைக் காட்டும், செய்ததைக் காட்டாது. மாணவரும் கதாசிரியரும், பிள்ளை எதையோ விழுங்கிவிட்டதோ என்று பதறும் தாயும் அதே சொல்லைத் தேடுவார்கள். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், தட்டச்சு செய்த கை யாருடையது என்பதையும் அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும். ஆனாலும் மற்ற சாட்சியங்களோடு சேரும்போது, குறிப்பாக நேரம் பொருந்தும்போது, இப்பதிவு வலுவானதாகிவிடும்.

கேள்வி: காவலர் வந்து போனைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது? உடனே எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: அழிக்கவே வேண்டாம். விசாரணை தொடங்கியது தெரிந்த பிறகு அழித்தால், சாட்சியத்தை மறைத்ததாக அதுவே தனிக் குற்றமாகலாம். நிறுவனத்திடம் இருப்பதும் அதனால் உடனே மறைந்துவிடாது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறார்கள், எழுத்து மூலமான ஆணை இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் பேசிய பிறகு பதில் அளிப்பதாகச் சொல்லுங்கள். கைது செய்யப்பட்டவரின் போனைக்கூட வாரண்ட் இல்லாமல் பொதுவாகச் சோதிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 இல் ரைலி வழக்கில் கூறியது. உங்கள் நாட்டின் விதி வேறாக இருக்கலாம் என்பதால்தான் வழக்கறிஞரை நாடச் சொல்கிறேன்.

எந்த வழக்கும் இல்லாத சாதாரண நாளில் செய்யக்கூடியது வேறு. கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் 3, 18 அல்லது 36 மாதங்களுக்கு மேற்பட்ட பதிவுகள் தானாகவே அழியும்படி அமைக்கலாம். 2020 ஜூனிலிருந்து புதிய கணக்குகளுக்கு 18 மாதம் என்பது இயல்பான அமைப்பு. அதற்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள் தாங்களே போய் மாற்றியிருக்கிறார்களா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.