பச்சை இலை, நட்சத்திரம், ஆர்-எண்: மானிட்டர் ஸ்டிக்கரில் எதை நம்புவது?

கேள்வி: 24 இன்ச் மானிட்டர் வாங்கப் பார்க்கிறேன். ஒன்றின் பெட்டியில் பச்சை இலை படம் போட்டு 'ஈகோ ஃபிரெண்ட்லி' என்றிருக்கிறது. இன்னொன்றில் டிசிஓ, எனர்ஜி ஸ்டார், ஈபீட் என்று மூன்று முத்திரைகள். இரண்டாவது 1,800 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா? — கோவை வாசகர்

அந்த இலையை வரைந்தது கம்பெனியின் பெட்டி டிசைனராகத்தான் இருக்கும். யார் சோதித்தார்கள், எந்த அளவுகோலில் என்ற விவரம் பக்கத்தில் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

மற்ற மூன்றும் அப்படியல்ல. ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வதும் இல்லை. எனர்ஜி ஸ்டார் 1992-ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை தொடங்கியது. அது மின்செலவை மட்டும்தான் பார்க்கிறது. டிசிஓ, ஸ்வீடனின் அலுவலக ஊழியர் சங்கக் கூட்டமைப்பு அதே 1992-ல் கொண்டுவந்த முத்திரை. அன்று மேசைமேல் இருந்தவை பருத்த குழாய் மானிட்டர்கள். ஊழியர்களின் கண்ணும் கதிர்வீச்சும்தான் அப்போதைய கவலை. இன்று அது ஆபத்தான ரசாயனங்கள், உதிரிபாகம் கிடைப்பது, திரையின் சாய்வு, திரை முழுக்க வெளிச்சம் ஒரே சீராக இருப்பது, தொழிற்சாலைத் தொழிலாளர் நிலைமை வரை பார்க்கிறது. கம்பெனி சொல்வதை அப்படியே ஏற்காமல் வெளியாரை வைத்துச் சரிபார்க்கிறது. மானிட்டருக்கென்று ஒரே ஒரு முத்திரையை மட்டும் தேடுவதாக இருந்தால் இதைத் தேடுங்கள்.

ஈபீட் என்பது மின்னணுப் பொருள்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்டுப் பதிவு செய்யும் பட்டியல். அதில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான்: அந்தப் பதிவு நாட்டுவாரியானது. அமெரிக்காவில் 'கோல்டு' வாங்கிய மாடல் இந்தியாவில் பதிவாகாமலே இருக்கலாம். ஈபீட் தளத்தில் தேடும்போது நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எதைத் தேடினாலும் பெட்டியின் முன்புறம் உள்ள பகட்டுப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். மானிட்டரின் முதுகில் வோல்ட், ஆம்பியர் அச்சிட்ட லேபிள் இருக்கும். அதிலுள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை அப்படியே போடுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால் நாடு, ஸ்டாண்டு, சில சமயம் உள்ளே இருக்கும் பேனல்கூட மாறும்.

இனி 1,800 ரூபாய்க் கணக்கு. ஒன்று 14 வாட், மற்றது 22 வாட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 வாட். தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 19.2 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 134 ரூபாய்தான் மிச்சம். போட்ட காசு திரும்ப 13 வருடம் ஆகும், அதற்குள் மானிட்டரே போய்விடும். ஆகவே கரண்ட் பில்லுக்காக அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டிசிஓ வாங்கியவை பெரும்பாலும் அலுவலக மாடல்கள். உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டோடு வரும். விலை குறைந்ததில் அது இருக்காது. உங்கள் இரண்டு மாடலில் அந்த வித்தியாசம் இருந்தால், கழுத்துக்காகவே கொடுக்கலாம்.

கேள்வி: 'பிஐஎஸ் நம்பர் இருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது' என்கிறார் கடைக்காரர். சரியா? — திருச்சி வாசகர்

இல்லை. பிஐஎஸ் என்பது இந்தியத் தரநிர்ணய அமைப்பு. அந்த எண் மின்அதிர்ச்சி, சூடு, தீ ஆகியவற்றுக்கான பாதுகாப்புச் சோதனையைக் குறிப்பது. சட்டப்படி கட்டாயமான பதிவு அது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சுற்றுச்சூழலுக்கும் இல்லை.

அதற்காக அலட்சியம் வேண்டாம். 'ஆர்' எழுத்துக்குப் பின் ஒரு கோடு, பிறகு எட்டு இலக்கம்: இதுதான் அதன் வடிவம். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியைத் திறந்து, ஆர்-எண் சரிபார்க்கும் பகுதியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளின் வகையும் வரும். மானிட்டரில் உள்ள எண்ணைப் போட்டு, அது வேறு பொருளின் எண் என்று வந்தால் வாங்காதீர்கள். அடாப்டர் தனியாக வரும் மாடல் என்றால் அடாப்டருக்கும் தனி ஆர்-எண் இருக்க வேண்டும். பிராண்டட் மானிட்டரோடு பெயரில்லாத அடாப்டரைக் கோத்து விற்பது செகண்ட் ஹாண்ட் கடைகளில் சகஜம்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் மகன் அனுப்பிய மானிட்டரில் 'எஃப்' கிரேடு என்று ஸ்டிக்கர். கடைசிக்கு முந்தைய எழுத்து! மட்டமான சரக்கா? — மதுரை வாசகர்

மட்டமில்லை. ஐரோப்பாவில் 2021 மார்ச் 1 முதல் அளவுகோலை வேண்டுமென்றே கடினமாக்கி, ஏ முதல் ஜி வரை புதிதாக மாற்றினார்கள். நல்ல மானிட்டர்கள்கூட ஈ, எஃப், ஜியில்தான் கிடக்கின்றன.

எழுத்தை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். '18 கிலோவாட்-மணி, 1000 மணி நேரத்துக்கு' என்பதுபோல இருக்கும். அதற்கு அர்த்தம் சராசரி 18 வாட், அவ்வளவுதான். எழுத்து திரையின் பரப்பைக் கணக்கில் எடுத்துக் கொடுப்பது. 24 இன்ச் எஃப்பும் 32 இன்ச் எஃப்பும் ஒரே கரண்ட் இழுக்காது. எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருளையும் அதிக வித்தியாசத்தோடு காட்டும் வசதி, உள்ள மாடலென்றால் ஸ்டிக்கரில் அதற்கென்று இரண்டாவது எண் ஒன்றும் இருக்கும். எச்டிஆர் படம் ஓடும்போது ஆகும் செலவு அது, வழக்கமாக முதல் எண்ணைவிட அதிகம்.

அந்த எண் கம்பெனி அமைத்த மோடில் அளந்தது. மெனுவில் 'விவிட்', 'கேம்' என்று மாற்றப் போனால் சில மாடல்கள் 'மின்செலவு கூடும், சம்மதமா?' என்று கேட்கும். சம்மதம் சொன்ன நிமிடமே ஸ்டிக்கர் செல்லாது. எல்சிடியில் கரண்டைத் தின்பது பின்னாலிருக்கும் விளக்குதான். கறுப்பு வால்பேப்பர் போட்டால் மிச்சமாகாது, பிரைட்னஸைக் குறைத்தால் மிச்சமாகும். கறுப்பு திரையால் லாபம், பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

கேள்வி: 'ஃப்ளிக்கர் ஃப்ரீ', 'லோ ப்ளூ லைட்' இரண்டும் போட்ட மானிட்டர்தான் வாங்கினேன். அப்படியும் சாயந்திரம் கண் எரிகிறது, தலை வலிக்கிறது. முத்திரை பொய்யா? — சென்னை வாசகர்

ஃப்ளிக்கர் பற்றியது பொய்யா என்று நீங்களே பார்க்கலாம். மலிவு மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை விநாடிக்கு 200 தடவை போல அணைத்து அணைத்து ஏற்றும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். பிரைட்னஸை 20-க்கு இறக்குங்கள்; 100-ல் சோதித்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் முழு வெளிச்சத்தில் விளக்கு அணைவதே இல்லை. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போன் கேமராவை 'ப்ரோ' மோடுக்குக் கொண்டுபோய் ஷட்டரை 1/1000 அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஃப்ளிக்கர் இருக்கிறது. போனில் அந்த வசதி இல்லையென்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மங்கலான ஒரே தீற்றலாகத் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த வாசகத்தைக் கிழித்துப் போடலாம். வாங்கும் முன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

நீல ஒளி விஷயத்தில் கூச்சலுக்கு ஏற்ற சரக்கு இல்லை. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அவை கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. ராத்திரி திரையை மஞ்சளாக்கி வைப்பதில் தப்பில்லை, விண்டோஸிலேயே 'நைட் லைட்' இருக்கிறது. அதற்கென்று தனிக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் எரிச்சலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கண் சிமிட்டாததை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போலச் சிமிட்டும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே போய்விடும். ஏசிக் காற்றோ ஃபேன் காற்றோ முகத்தில் நேராக அடித்தால் மீதி ஈரமும் போச்சு. முதலில் காற்றின் திசையை மாற்றுங்கள்.

அடுத்து வெளிச்சம். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனி பிரைட்னஸை உச்சத்தில் வைத்து அனுப்பும், பலர் அதை ஆயுசுக்கும் தொடுவதில்லை. வெள்ளை ஏ4 தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை டியூப்லைட் மாதிரி தெரிந்தால் அதிகம், தாளே அழுக்காகத் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை இறக்குங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் ஜன்னல்தான் தெரியும்.

தூரம் ஒரு கை நீளம், 50 முதல் 70 செ.மீ. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ. பைஃபோகல் அல்லது புரோக்ரெசிவ் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் சில செ.மீ. இறக்க வேண்டும், இல்லையேல் கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலி வந்துவிடும். இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால் கண் மருத்துவரிடம் பவரைச் சோதியுங்கள்.

கேள்வி: மானிட்டரின் இரும்பு ஸ்டாண்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. சர்வீஸ்காரர் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார். — சேலம் வாசகர்

அப்படி இருக்கக் கூடாது. பவர் சப்ளைக்குள் மின்இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே கசிவது எர்த் கம்பியில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் அது உலோக உடம்பில் நின்றுவிடும். மல்டிமீட்டரில் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும், ஓடும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. சுர்ரென்பது அதனால்தான்.

முதலில் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றுங்கள். சுர் நின்றுவிட்டால் குற்றவாளி மானிட்டர் அல்ல, இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப். நிற்கவில்லையென்றால் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் ஒயரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். நேராகச் சுவரில் சொருகியும் சுர்ரென்றால் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்கு எர்த்தே வரவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு நன்றாக எரிந்தால் எர்த் இருக்கிறது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் எரிவதற்குள் டிரிப் ஆகும், அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளமே. சுர்ருக்குப் பதில் கையை உதறும் அளவுக்கு அடித்தால் அது கசிவல்ல, ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீசுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ரேடியேஷன் தடுக்கும் ஸ்கிரீன் மாட்டலாமா? — நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். எல்இடி மானிட்டரில் எலக்ட்ரான் துப்பாக்கியும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. மாட்டினால் திரை மங்கும், பிரைட்னஸை ஏற்றுவீர்கள்.

கேள்வி: பரணில் ஒரு 17 இன்ச் குழாய் மானிட்டர், 2008-ல் வாங்கிய எல்சிடி ஒன்று. காயலான் கடைக்குப் போடலாமா? — ஈரோடு வாசகர்

குழாய் மானிட்டரின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. காயலான் கடையில் அதன் கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியைக் குப்பையில் கொட்டுவார்கள். நீங்களும் திறக்காதீர்கள், உள்ளே 25,000 வோல்ட் அளவில் ஓடுவது, அணைத்த பிறகும் தங்கியிருக்கலாம். தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், எடை முழுக்க அந்தப் பக்கம்தான்.

2008 எல்சிடியில் பின்விளக்கு பெரும்பாலும் மெல்லிய குழல்விளக்கு. அதில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. ஓடுகிறதென்றால் யாருக்காவது கொடுங்கள். ஓடவில்லையென்றால் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மானிட்டரின் லேபிளில் குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்குமே, அது இதற்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற கம்பெனிக்கே பழையதை மறுசுழற்சிக்குச் சேர்க்கும் பொறுப்பு. கம்பெனியின் இந்திய இணையதளத்தில் மின்கழிவுப் பக்கத்தைத் தேடுங்கள், கட்டணமில்லா எண்ணும் சேகரிப்பு மைய முகவரிகளும் இருக்கும். கம்பெனியே மூடிவிட்டதென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: '100% பசுமைத் தயாரிப்பு' என்று நம்பி வாங்கினேன். ஆதாரம் கேட்டால் பதில் இல்லை. என்ன செய்வது? — தஞ்சாவூர் வாசகர்

இப்படி மொட்டையாகச் சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. 'பசுமை', 'ஈகோ ஃபிரெண்ட்லி' என்றால் எதில், எந்த அளவில் என்ற விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும். பெட்டியில் அந்த வாசகம் இருக்கும் பக்கம், இறக்குமதியாளர் முகவரி இருக்கும் பக்கம், மானிட்டர் முதுகு லேபிள், பில் நான்கையும் படமெடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன மறுநாளே வாசகம் மாறிவிடும். முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்து, தரும் எண்ணைக் குறித்து வையுங்கள். பெட்டியை மட்டும் அதுவரை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.