லேஸ் அவிழுதா? முதல் முடிச்சைப் பாருங்க

சாரணர் பிள்ளைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்துப் பழகினவன் நான். காலையில ஓடப் போற பழக்கமும் உண்டு. ஷூ லேஸ் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன் சார். அதுக்குள்ள ரெண்டு தடவை குனிஞ்சு லேஸ் கட்ட வேண்டியிருக்கு. லேஸ் மட்டமா?

லேஸைத் திட்டாதீங்க. கட்டி முடிச்சதும், முடிச்சுக்கு அடியில இருக்கிற லேஸை ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. காது ரெண்டும், அதாவது முடிச்சுல நிக்கிற ரெண்டு வளையமும், இடமும் வலமுமா, ஷூவுக்குக் குறுக்கே படுத்திருந்தா முடிச்சு சரி. ஒரு காது விரல் பக்கமும் இன்னொண்ணு கணுக்கால் பக்கமும் திரும்பிடுச்சுன்னா, நீங்க போட்டது 'கிரானி'ங்கிற, சீக்கிரம் அவிழுற முடிச்சு.

ஷூ முடிச்சுங்கிறது ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அரை முடிச்சு, அவ்வளவுதான். ரெண்டும் ஒரே திசையில சுத்தினா கிரானி, எதிரெதிரா சுத்தினா 'ரீஃப்'. சாரணர் வகுப்புல முதல்ல சொல்லித்தர்றதே இந்த ரீஃப்தான்: வலதை இடது மேல போடு, அப்புறம் இடதை வலது மேல போடு.

கிரானி வந்தா, காது வைக்கிறது, சுத்துறது, இழுக்கிறது எதையும் மாத்தாதீங்க. கை பழகினது பழகினதுதான். முதல் முடிச்சுல மட்டும் இதுவரை வலது லேஸ் மேல வந்திருந்தா, இனிமே இடது மேல வரட்டும். ரெண்டு நாள் கை தடுமாறும், அப்புறம் சரியாயிடும்.

கேள்வி: யாரும் இழுக்காமலே எப்படி அவிழுது?

நல்ல கேள்வி. கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இதை அதிவேகக் கேமராவுல படம் பிடிச்சு, 2017-ல ஆய்வாவே வெளியிட்டாங்க. ஓடும்போது கால் தரையில மோதுற விசை புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு வரை போகுது. அந்த அடியில முடிச்சு கொஞ்சம் இளகும். கால் வீசும்போது தொங்குற நுனிகள் சாட்டை மாதிரி வெளியே இழுக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வினை. நாற்காலியில உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டினா அவிழல, நின்ன இடத்துல மிதிச்சாலும் அவிழல. ரீஃப்பும் இளகத்தான் செய்யும், ஆனா கிரானி அளவுக்கு இல்ல.

கேள்வி: புது ஓட்ட ஷூவுல உருண்டை லேஸ், வழுவழுன்னு இருக்கு. சரியாத்தான் கட்டுறேன், ஆனாலும் நிக்கல.

உருண்டை பாலியஸ்டர் லேஸ் அப்படித்தான், பிடிமானம் குறைவு. காதைச் சுத்தி லேஸைக் கொண்டுவரும்போது ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்து சுத்தி, அப்புறம் உள்ளே நுழைங்க. நீண்ட ஓட்டத்துக்கு நான் போடுறது இதுதான். பைஜாமா நாடா மாதிரி நுனியை இழுத்தா அவிழ்ந்துடும். காதுகளை மறுபடி ஒரு முடிச்சு போடுறதும் நிக்கும்தான். ஆனா பருத்தி லேஸ் மழையில நனைஞ்சுட்டா அதைப் பிரிக்க நகம் தேயும். இல்லேன்னா பேசாம தட்டை லேஸ் வாங்கிடுங்க.

கேள்வி: 'இயன் முடிச்சு' ரொம்ப உறுதியாமே?

ஆஸ்திரேலியாக்காரர் இயன் ஃபீகன் பரப்பினது. வேகமா போடலாம், அவ்வளவுதான். முடிஞ்ச பிறகு வழக்கமான முடிச்சும் அதுவும் ஒண்ணே. உறுதிக்குன்னு அவர் சொன்னது வேற முடிச்சு. அதுல ரெண்டு காதும் ஒரே துளை வழியா எதிரெதிரா நுழையும்.

கேள்வி: துளைகள்ல கோர்க்கிற விதத்துல ஏதாவது இருக்கா?

இருக்கு. பர்கார்ட் போல்ஸ்டர்னு ஒரு கணிதக்காரர் 2002-ல 'நேச்சர்' இதழ்ல கணக்குப் போட்டே காட்டினார். இறுக்கிப் பிடிக்கிறதுல வழக்கமான குறுக்கு மறுக்கும், நேர்கோட்டுக் கோர்வையும்தான் முன்னால. குதிகால் ஷூவுக்குள்ள மேலும் கீழும் போகுதுன்னா, மேல சும்மா கிடக்கிற கடைசித் துளையைப் பயன்படுத்துங்க. லேஸை அதே பக்கத்துத் துளையில விட்டு ஒரு வளையம் வச்சு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துல நுழைச்சு இழுத்துக் கட்டுங்க.

கேள்வி: ரெண்டாம் வகுப்புப் பையனுக்கு எப்படிச் சொல்லித்தர்றது அண்ணா?

ரெண்டு முயல் காது வச்சு முடியச் சொல்லுங்கம்மா, அதுவே போதும். அதுலயும் கிரானி வரும், அதனால காது எந்தப் பக்கம் படுக்குதுன்னு அவனையே பார்க்கச் சொல்லுங்க. எதிர்ல உட்கார்ந்து காட்டாதீங்க, உங்க வலது அவனுக்கு இடதாத் தெரியும். மடியில உட்கார வச்சு, அவன் கை மேல உங்க கையை வச்சுக் காட்டுங்க.